காட்டோடு காடாய் நின்றவர்
ஆட்கொல்லிப் புலிகளை வென்ற ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை

காட்டில் புலியை மனிதன் பார்ப்பதற்கு முன்பே புலி மனிதனைப் பார்த்துவிடும். அதன் உடம்பிலுள்ள கறுப்புக் கோடுகள் மூங்கிலின் நிழலோடும் காய்ந்த புல்லோடும் கலந்து போய்விடும். அதன் செம்மஞ்சள் நிறம் நம் கண்ணுக்குத்தான் பளிச்சென்று தெரிகிறது. மானின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதில்லை. அதற்குப் புலியும் ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் புதரும் ஒன்றுதான்.

இப்படி இயற்கையே சட்டை தைத்துக் கொடுத்திருக்கும் ஒரு விலங்கை, அதுவும் மனித ரத்தம் ருசி கண்ட விலங்கை, தன்னந்தனியாகக் கால்நடையாகத் தேடிப் போனவர் ஜிம் கார்பெட்.

இன்று வெளிநாட்டு வேட்டைக்காரர்களும், வனவிலங்குகளைப் படம் எடுப்பவர்களும் இலையும் கிளையும் அச்சடித்த மறைவுடைகளை அணிகிறார்கள். கார்பெட்டிடம் அப்படி எந்த உடையும் கிடையாது. காக்கிச் சட்டை, காக்கி அரைக்கால் சட்டை, சத்தம் எழாதபடி மெல்லிய ரப்பர் அடி வைத்த காலணி, இவ்வளவுதான் அவருடைய வேட்டை உடை. ஆனாலும் அவர் காட்டுக்குள் புகுந்தால் காட்டோடு காடாகிவிடுவார். அந்த வித்தையை அவர் எங்கே கற்றார், எதற்குப் பயன்படுத்தினார், கடைசியில் அது அவரை எங்கே கொண்டு போய்ச் சேர்த்தது என்பதே அவருடைய வாழ்க்கைக் கதை.

தபால் அதிகாரியின் மகன்

இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது நைனிடால் நகரம். அங்கே 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி ஜிம் பிறந்தார். தந்தை அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வீட்டில் குழந்தைகள் பலர். 1881ல் தந்தை இறந்துபோனபோது ஜிம்முக்கு ஆறு வயது கூட நிறையவில்லை. தாயார் சிக்கனமாகக் குடும்பத்தை நடத்தினார்.

கோடைக் காலத்தில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்திலுள்ள காலாதுங்கி என்று குடும்பம் இடம் மாறும். காலாதுங்கி வீட்டைச் சுற்றிக் காடு. அந்தக் காடுதான் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம். முதலில் கவண், பிறகு வில், அதன் பிறகு ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. அதில் ஒரு குழல் வெடித்துப் போய், பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. மருந்தைக் குழலின் வாய்வழியே கெட்டிக்கும் அந்தத் துப்பாக்கிதான் சிறுவனுக்குப் பெரிய சொத்து.

குன்வர் சிங் என்ற கிராமத் தலைவர் காட்டின் அரிச்சுவடியைக் கற்றுக்கொடுத்தார். அவர் அந்த வட்டாரத்திலேயே பெயர் பெற்ற திருட்டு வேட்டைக்காரர். மரம் ஏறுவது எப்படி, திசை தவறாமல் திரும்புவது எப்படி, பயத்தை அடக்குவது எப்படி என்று அவரிடம் ஜிம் தெரிந்துகொண்டான். செருப்பில்லாமல் நடந்து பழகினான். காய்ந்த சருகின் மேல் சத்தம் எழாமல் கால் வைக்கக் கற்றான். பறவைகள், விலங்குகளின் குரலை அப்படியே எழுப்பப் பழகினான். மான் எதற்காகக் கத்துகிறது, குரங்கு எதைப் பார்த்துக் கூச்சல் போடுகிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படியாயிற்று.

ஒரு நாள் காட்டுக்கோழி ஒன்றைக் குறிவைத்து ஜிம் பதுங்கிப் போனான். எதிரில் இருந்த இலந்தைப் புதர் அசைந்தது. உள்ளிருந்து வெளியே வந்தது கோழி அல்ல, புலி! அது நின்று சிறுவனை ஒரு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு தன் வழியே நடந்து போய்விட்டது. புலி காரணமில்லாமல் மனிதனைத் தொடாது என்ற நம்பிக்கை அன்று அந்தப் பிள்ளை மனத்தில் விழுந்தது. பின்னாளில் எத்தனையோ புலிகளைச் சுட்ட பிறகும் அந்த நம்பிக்கை மாறவில்லை.

பிழைப்புக்காகப் பீகார்

குடும்பத்துக்குப் பணம் வேண்டும். பதினெட்டு வயதை ஒட்டி ஜிம் படிப்பை முடித்துக்கொண்டு, சொந்த மலையை விட்டு வேலைக்குக் கிளம்பினார். ரயில்வேயில் எரிபொருள் இன்ஸ்பெக்டர் வேலை. அதுவும் தற்காலிக வேலை. சம்பளம் மாதம் 100 ரூபாய். அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு விறகு வெட்டி அனுப்புவதை மேற்பார்வை செய்ய வேண்டும்.

பிறகு பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமே காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் காண்டிராக்ட் கிடைத்தது. அங்கே கங்கைக்குப் பாலம் இல்லாத காலம் அது. அகலப்பாதை வண்டியில் வரும் மூட்டைகளை இறக்கி, மீட்டர்பாதை வண்டியில் ஏற்ற வேண்டும். எல்லாம் மனிதர் தோளிலும் தலையிலும்தான். ஆரம்பத்தில் ரயில்வேயிலிருந்து பணம் வராமல் மாதக்கணக்கில் இழுத்தபோது, தொழிலாளர்களோடு தொழிலாளராகக் கார்பெட்டும் நின்று உழைத்தார். அவரை நம்பி ஆட்களும் விலகாமல் நின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளிக்கூடமும் பிறந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரண் என்பவரும் கார்பெட்டும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆற்றங்கரையில் அவர் காலம் கழிந்தது. முதன்முதலாக ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போனதும் லீவில் ஊருக்கு வந்திருந்த சமயத்தில்தான்.

சம்பாவத் புலி

அது 1907ஆம் ஆண்டு. நேபாளத்தில் 200 பேரைக் கொன்று, அங்கிருந்து துரத்தப்பட்ட ஒரு பெண் புலி குமாவுன் மலைக்குள் புகுந்திருந்தது. மொத்தம் 436 பேர் அதற்குப் பலியானதாகக் கணக்கு. கிராமத்தில் யாரும் கதவைத் திறப்பதில்லை. வயலில் பயிர் அப்படியே கிடந்தது.

போவதற்கு முன் கார்பெட் இரண்டு நிபந்தனை போட்டார். புலியின் தலைக்கு அறிவித்திருந்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். காசுக்காகச் சுடுகிறவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். வேறொருவர் குண்டுக்குத் தவறுதலாகப் பலியாகவும் விருப்பமில்லை.

சம்பாவத்தில் சுள்ளி பொறுக்கப் போன ஓர் இளம்பெண்ணைப் புலி தூக்கிப் போயிற்று. மறுநாள் 298 கிராமத்தார் மலை முகட்டில் திரண்டு, தம்பட்டம் அடித்தும் கூச்சலிட்டும் கல்லை உருட்டியும் புலியைக் கலைத்தார்கள். கார்பெட் இரண்டடி உயரப் புல்லில் மறைந்து உட்கார்ந்திருந்தார். புலி விழுந்தது. பரிசோதித்தபோது அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ எவரோ சுட்ட குண்டு செய்த வேலை. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதனிடம் வந்தது என்பதைக் கார்பெட் புரிந்துகொண்டார்.

முள்ளுக்கு நடுவே

மறைந்திருப்பது என்றால் மரத்தில் ஏறிக்கொள்வது மட்டும் அல்ல. புலி பொதுவாக மரம் ஏறுவதில்லை. சிறுத்தை ஏறும். 1910ல் பனார் பகுதியில் சுமார் 400 பேரைக் கொன்ற சிறுத்தையைத் தேடிப் போனபோது, கார்பெட்டுக்குக் கிடைத்தது சாய்ந்து நின்ற ஒரு மரம். சிறுத்தைக்கு அது ஏணி மாதிரி. எனவே நீளமான முள் கிளைகளை வெட்டி வரச் சொல்லி, மரத்தைச் சுற்றிக் கட்டச் செய்தார். சற்றுத் தூரத்தில் ஒரு வெள்ளாடு கட்டப்பட்டது.

இருட்டியது. சிறுத்தை ஆட்டிடம் போகவில்லை. நேரே மரத்துக்கு வந்தது. முள் கிளைகளைப் பல்லால் கவ்வி இழுக்கத் தொடங்கியது. மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை; கிளை இழுபடுவது மட்டும் உடம்பில் தெரிகிறது. அந்த முட்கள் இல்லாவிட்டால் அன்றோடு கார்பெட்டின் கதை முடிந்திருக்கும். கடைசியில் சலித்துப் போன சிறுத்தை ஆட்டின் மேல் பாய்ந்தபோது அவர் சுட்டார். அன்றிரவே பந்தங்களோடு தேடிப் போனார்கள். காயம்பட்ட சிறுத்தை பாய்ந்து வரவே, உடன் வந்தவர்கள் பந்தங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கீழே விழுந்து எரிந்த பந்தத்தின் வெளிச்சத்தில் இரண்டாவது முறை சுட்டு அதை வீழ்த்தினார்.

பாலத்தின் மேல் இருபது இரவுகள்

முதல் உலகப் போரில் 500 குமாவுன் மலைவாசிகளைத் தொழிலாளர் படையாகத் திரட்டிக்கொண்டு 1917ல் பிரான்சுக்குப் போனார் கார்பெட். ஒருவர் தவிர அத்தனை பேரையும் உயிரோடு ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார் என்பது அவருக்குப் பெருமை.

போர் முடியும் தறுவாயில் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் இன்னொரு ஆட்கொல்லி தோன்றியது. ருத்ரபிரயாகைச் சிறுத்தை. 1918 முதல் 1926 வரை அரசாங்கக் கணக்கில் 125 பேர். எண்ணிக்கை மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் நாடெங்குமிருந்து யாத்திரிகர் வரும் பாதை ஆனதால் செய்தி தேசம் முழுவதும் பரவியது. பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் நடமாட்டம் நின்றுவிடும்.

விஷம் வைத்தார்கள், சாகவில்லை. பொறி வைத்தார்கள், தப்பிவிட்டது. சிறுத்தை ஆற்றைக் கடக்கப் பாலத்தைத்தான் பயன்படுத்தும் என்று கருதிய கார்பெட், அலகநந்தா நதியின் மேலுள்ள தொங்கு பாலத்தின் கோபுரத்தில் ஏறி இருபது இரவுகள் காவல் இருந்தார். கைப்பிடி இல்லை, கூரை இல்லை. பள்ளத்தாக்கில் வீசும் காற்று ஆளைத் தூக்கும். இருபது இரவும் சிறுத்தை வரவில்லை.

அதைவிடக் கசப்பான அனுபவமும் உண்டு. காலையில் தான் நடந்து வந்த பாதையைப் பார்த்தால், தன் காலடியின் மேல் சிறுத்தையின் காலடி பதிந்திருக்கும். மறைந்திருந்து வேட்டையாடப் போனவரை இன்னொருவர் மறைந்திருந்து பின்தொடர்ந்திருக்கிறார்!

கடைசியில் 1926 மே மாதத் தொடக்கத்தில் கோலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரிகர் சத்திரத்துக்கு அருகே ஒரு மாமரத்தில் இருந்து இரவுகள் பல காத்துக் கிடந்தார். ஆட்டின் கழுத்தில் கட்டிய மணிதான் அவருக்குக் கண். மணி ஒலித்தது. டார்ச் விளக்கு ஒரு கணம் எரிந்தது. குண்டு பாய்ந்தது. காலையில் பார்த்தால், எட்டு ஆண்டு மலையை நடுங்க வைத்தது ஒரு வயதான சிறுத்தை.

காற்றைப் படித்தவர்

இந்த வெற்றிகளின் ரகசியம் உடையில் இல்லை. காற்றில் இருந்தது.

மனிதனுக்கு மோப்ப சக்தி குறைவு என்பது புலிக்குத் தெரியாது என்பது கார்பெட்டின் கணிப்பு. மானை நெருங்குவது போலவே மனிதனையும், தன் வாடை அவன் பக்கம் போகாதபடி காற்றுக்கு எதிர்த் திசையிலிருந்துதான் அது நெருங்கும். ஆகவே காற்று தன் முகத்தில் வீசினால் முன்பக்கம் பயமில்லை. முதுகுப் பக்கமே கவனம். காற்று முதுகில் வீசினால் எதிரே உள்ள புதர்களில்தான் ஆபத்து. எந்தப் பக்கம் ஆபத்து என்று தெரிந்துவிட்டால் பாதி உயிர் தப்பியது போல.

இரண்டாவது வித்தை அசையாமல் இருப்பது. அசைய நேர்ந்தால் மிக மெதுவாக அசைவது. 1930 ஏப்ரலில் சௌகார் என்ற இடத்து ஆட்கொல்லிப் பெண் புலியைத் தேடிப் போனபோது இது அவர் உயிரைக் காத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே புலியைச் சுடுவதாக நினைத்து, கூடவே திரிந்த அதன் வளர்ந்த குட்டியைச் சுட்டுவிட்டார். தாய் தப்பியது. அந்தப் பிழைக்குப் பிறகும் ஜனங்கள் செத்தார்கள். அது அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

இம்முறை ஓடைப் பள்ளத்தில் ஒரு பெரிய பாறையைச் சுற்றி வந்தார். இடது கையில், வழியில் எடுத்த பக்கிப் பறவையின் இரண்டு முட்டைகள். திரும்பிப் பார்த்தால், எட்டடி தூரத்தில் மணலில் புலி படுத்தபடி அவர் முகத்தையே பார்க்கிறது. துப்பாக்கியோ வேறு பக்கம் நீட்டியிருக்கிறது. சட்டென்று திருப்பினால் புலி பாயும். ஒரே கையால், கடிகார முள் நகர்வது போலத் துப்பாக்கியை மெல்ல மெல்லச் சுற்றிக் கொண்டுவந்தார். புலி அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. குழல் நேரானதும் சுட்டார். அரசாங்கக் கணக்கில் 64 பேரைக் கொன்ற அந்தப் புலி அங்கேயே தலை சாய்த்தது. முட்டைகள் உடையவில்லை. அவற்றைத் திரும்பக் கூட்டில் கொண்டுபோய் வைத்தார்.

மூன்றாவது வித்தை குரல். 1938 நவம்பர் 30ஆம் தேதி, தாக் என்ற கிராமத்துப் பெண் புலியைப் பிடிக்க வேறு வழி இல்லாதபோது, துணை தேடித் திரிந்த அதற்கு ஆண் புலியின் குரலில் பதில் கொடுத்தார். அது நம்பி அருகே வந்தது. அந்தி மங்கும் நேரத்தில் அவர் சுட்டார். அவர் உடம்பை மட்டும் மறைக்கவில்லை. மனிதன் என்பதையே மறைத்துக்கொண்டார்.

இதிலெல்லாம் அவருக்கு முழு நிம்மதி இருந்ததாகச் சொல்ல முடியாது. மோகன் என்ற ஊரின் ஆட்கொல்லியை, அது தூங்கும்போது நெருங்கிச் சுட நேர்ந்தது. மனிதர் உயிரைக் காக்க அது தேவைதான் என்று அறிவு சொன்னாலும், தூங்குகிற எதிரியைச் சுட்டது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. மறைந்திருப்பவன் கையில்தான் முழு அதிகாரமும் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

துப்பாக்கி போய்க் காமிரா வந்தது

அதற்கான பதிலை அவர் வாழ்க்கையே தந்தது. வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் என்பவர் சுடுவதை விட்டு, புலிகளைப் படம் எடுத்துப் புகழ் பெற்றவர். அவரைப் பார்த்துக் கார்பெட்டுக்கும் காமிராவில் நாட்டம் பிறந்தது. ஆட்கொல்லி அல்லாத புலியைச் சுடுவதை மெல்ல விட்டார்.

துப்பாக்கியைவிடக் காமிராவுக்குப் பொறுமை அதிகம் வேண்டும். சினிமாக் காமிரா ஓடும்போது எழும் சத்தம் புலியை விரட்டிவிடும். இதற்குக் கார்பெட் கண்ட யுக்தி விந்தையானது. 1938ல் ஓர் ஓடைப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தார். ஓடை நீரைத் தடுத்துச் சின்னச் சின்ன அருவிகளாக விழச் செய்தார். அருவியின் சலசலப்பில் காமிராவின் ஓசை அமுங்கிப் போயிற்று. மாதக்கணக்கில் மறைவிடத்தில் பதுங்கி, ஏழு புலிகளைப் பட்டப்பகலில் படம் பிடித்தார். அவற்றில் ஒன்று வெள்ளைப் புலி. ஒரு புலிக்கும் காயமில்லை.

1936ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அந்த வட்டாரத்தில் அமைந்தபோது அதற்காகப் பாடுபட்டவர்களில் கார்பெட்டும் ஒருவர். அன்றைய கவர்னரின் பெயரால் அது ஹெய்லி பூங்கா எனப்பட்டது.

சிப்பாய்களுக்குப் பாடம்

இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டுச் சண்டை வந்தது. காக்கி என்ற சொல்லுக்கு மண், தூசி என்று பொருள். வடமேற்கு எல்லையின் புழுதியில் மறைவதற்காக 19ஆம் நூற்றாண்டில் வந்த நிறம் அது. பர்மாவின் பச்சைக் காட்டில் அந்தக் காக்கியே எதிரிக்கு ஆளைக் காட்டிக்கொடுத்தது. ராணுவம் பச்சை உடைக்கு மாறியது.

ஆனால் உடை மாறினால் போதுமா? 1944ல், எழுபதை நெருங்கிய கார்பெட்டைக் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக்கி, சிப்பாய்களுக்குக் காட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். மத்திய இந்தியாவில் சிந்த்வாரா அருகே பயிற்சி. ஓசையின்றி நடப்பது, பறவைக் குரலில் சேதி அறிவது, திசை காண்பது, காட்டில் உண்ணத் தக்கது எது என்பது எல்லாம் பாடம். காலாதுங்கியில் செருப்பில்லாமல் கற்றது பட்டாளத்துக்குப் பயன்பட்டது.

அதே 1944ல் குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவருடைய முதல் புத்தகம் பம்பாயில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

கடைசி மறைவிடம்

கார்பெட் திருமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை மாகியும் அவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். 1947 நவம்பரில் இருவரும் நைனிடாலை விட்டுக் கென்யாவில் நையேரி என்ற ஊருக்குப் போய்க் குடியேறினார்கள். பிறந்து வளர்ந்த மலையை விட்டுப் போன பிறகுதான் இந்தியாவின் ஏழை எளியவர்களைப் பற்றிய நூலை 1952ல் வெளியிட்டார். மொகாமே காட்டில் மூட்டை தூக்கியவர்கள் அதில் மரியாதையோடு இடம் பெற்றிருக்கிறார்கள்.

நையேரிக்கு அருகே ஒரு பெரிய அத்தி மரத்தின் மேல் கட்டிய விடுதி இருந்தது. இரவில் தண்ணீர் குடிக்க வரும் யானைகளையும் காண்டாமிருகங்களையும் மேலே இருந்து ஓசையின்றிப் பார்க்கலாம். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே ஓர் இரவு தங்கியபோது துணைக்கு அழைக்கப்பட்டவர் கார்பெட். அந்த இரவில்தான் இங்கிலாந்தில் சாண்ட்ரிங்காம் மாளிகையில் மன்னர் இறந்தார். மரத்தில் ஏறிய இளவரசி ராணியாக இறங்கினார். வாழ்நாளில் பாதியை மரத்தின் மேல் துப்பாக்கியோடு கழித்த கிழவருக்கு, சுடுவதற்காக அல்லாமல் பார்ப்பதற்காக மட்டுமே மறைந்திருக்கும் மரம் ஒன்று முதுமையில் வாய்த்தது.

1955 ஏப்ரல் 19ஆம் தேதி கார்பெட் காலமானார். நையேரி தேவாலயத்தின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1957ல் அந்த முதல் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரையே சூட்டியது சுதந்திர இந்தியா. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலி வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1973ல் புலிகளைக் காக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டதும் அதே பூங்காவில்தான்.

இன்று அந்தக் காட்டுக்குப் போகிறவர்கள் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. வண்டியில் மூச்சடக்கி உட்கார்ந்து, மான் எந்தப் பக்கம் கத்துகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள். வழிகாட்டி கையை உயர்த்தினால் எல்லோரும் அசையாமல் இருக்கிறார்கள். கார்பெட் கற்ற பாடமும் அதுதான். அங்கே பிடிபடுவது புலி அல்ல, புலியின் படம் மட்டுமே.